எஸ்டிஐ-யின் முன் டயரைக் காப்பாற்றுவது: ஆட்டோகிராஸுக்கான சஸ்பென்ஷனும் மூன்று டிஃப்களும்

2004 முதல் 2007 வரை வந்த சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ-யை ஆட்டோகிராஸுக்குக் கொண்டுவருகிறவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு நேராகவே போகிறது. சொன்ன கையோடு எல்லாரும் தொடுவது கன்சோலில் இருக்கும் டிசிசிடி உருளையைத்தான். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சக்தியைப் பிரித்து, இரண்டையும் வேறுவேறு வேகத்தில் சுழலவிடும் சென்டர் டிஃபரன்ஷியலின் (சுருக்கமாக டிஃப்) பூட்டைக் கூட்டிக் குறைக்கும் உருளை அது. விரலுக்கு எட்டும் இடத்தில் இருப்பதால் முதலில் அதன்மேல் கை போகிறது. ஆனால் அது கடைசியாகத் தொடவேண்டிய சாமான். கேம்பர், அதாவது சக்கரத்தின் மேற்புறம் உள்நோக்கிச் சாயும் சாய்வு, போதாமல் முன் டயரின் ஓரம் மடங்கிக்கொண்டிருந்தால் எந்த டிஃப் அமைப்பும் அதைச் சரிசெய்யாது. கொஞ்ச நேரம் மறைத்து வைக்கும், அவ்வளவுதான்.

பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்காவில் எஸ்சிசிஏ (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) நடத்தும் சோலோ போட்டிகளில் காலி பார்க்கிங் லாட்டிலோ பழைய விமானத் தளத்திலோ கோன்களை வைத்துப் பாதை போடுவார்கள். ஒரு சமயத்தில் ஒரே கார், ஓட்டம் ஒரு நிமிடத்துக்கு முன்னே பின்னே, பெரும்பகுதி இரண்டாவது கியரிலேயே. ஒரு கோனைத் தட்டினால் 2 விநாடி தண்டம். தேசியப் போட்டி 2009-லிருந்து நெப்ராஸ்காவின் லிங்கனில், கான்கிரீட் தளத்தில் நடக்கிறது. அந்தக் கான்கிரீட்டின் பிடிப்பே வேறு. ஊர் பார்க்கிங் லாட்டின் தேய்ந்த தாரில் நன்றாக இருந்த அமைப்பு அங்கே மெத்தென்று தெரியும்.

இந்தக் காரில் முன் டயரின் நிலைமை ஒரே சம்பளத்தில் மூன்று குடும்பத்தைக் காப்பாற்றுகிறவனின் நிலைமை. மொத்த எடையில் கிட்டத்தட்ட 58 சதவீதம் முன்னால் இருக்கிறது. பிரேக்கின் பெரும்பங்கு முன்னால். திருப்புவதும் முன்னால். அதோடு இஞ்சின் சக்தியில் ஒரு பங்கும் அதே டயர் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. ஒன்றுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் மற்றதில் குறையும். கீழே வரும் ஒவ்வொரு மாற்றமும் அந்த டயரின் சுமையில் எதையாவது இறக்கிவைக்கும் வேலைதான்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: மூக்கு தள்ளுவது திருப்பத்தின் எந்தக் கட்டத்தில்? பிரேக்கை விட்டுத் திருப்பும் நுழைவிலா, ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் இல்லாமல் வளையும் நடுப்பகுதியிலா, காலை அழுத்தி வெளியேறும்போதா? நுழைவை ஆள்வது டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) ஷாக் அப்சார்பரும். நடுப்பகுதியை ஆள்வது கேம்பர், டயர் காற்று, ஸ்பிரிங், பார் (கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பார்). வெளியேறுவதில்தான் டிஃப் முழுசாக வேலைக்கு வருகிறது. "அண்டர்ஸ்டியர் இருக்கு", அதாவது மூக்கு தள்ளுகிறது என்று மட்டும் சொல்லும் ஓட்டுநருக்கு யாராலும் உதவ முடியாது.

முதலில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்

வயதான கார்கள் இவை. ஜாக் போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங்கும் பால் ஜாயின்ட்டும் தெரிந்துவிடும். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ராட். முன் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ் கிழிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது ஆர்ம் நகர்ந்து டோ தானாக மாறும். பின்னால் லேட்டரல் லிங்க்குகளின் ரப்பர் புஷ் நைந்திருந்தால் கோன்களுக்கு நடுவே இடமும் வலமுமாக வளைந்து போகும் ஸ்லாலமில் வால் ஒரு நொடி தாமதித்து உதறும். இவற்றை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது வீண். மெஷினில் காட்டும் எண் தரையில் நிற்காது.

காற்று

245/40ஆர்17 அளவில் 200 ட்ரெட்வேர் (தேய்மான எண்) டயர், 8 அங்குல ரிம் என்றால் சூடான நிலையில் முன்னால் 38 பிஎஸ்ஐ, பின்னால் 35 என்று ஆரம்பிக்கலாம். 9 அங்குல ரிம் இருந்தால் இரண்டிலும் 3 பிஎஸ்ஐ குறையும். அகல ரிம் பக்கச்சுவரை இழுத்துப் பிடிப்பதால் அவ்வளவு காற்று தேவைப்படாது.

டயர் தோளில், ட்ரெட் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், மூன்று இடங்களில் சாக்பீஸால் குறுக்காகக் கோடு போடுங்கள். பல டயர்களில் அந்த இடத்தில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். ஓடி வந்ததும் பாருங்கள். முக்கோணத்தின் முனை வரை அழிந்திருந்தால் சரி. அதைத் தாண்டி பக்கச்சுவரில் அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது. காற்று கூட்டலாம், ஆனால் உண்மையான மருந்து கேம்பர். ட்ரெட்டின் ஓரம் வரைகூட அழியவில்லையென்றால் காற்று அதிகம். பைரோமீட்டர் ஊசியால் டயரின் உள், நடு, வெளி வெப்பத்தை எடுக்கிறவர்கள் உண்டு. ஒரு நிமிட ஓட்டத்தில் டயர் முழுதாகச் சூடாவதில்லை, கார்கள் வரிசையில் நிற்கும் கிரிட்டுக்கு வருவதற்குள் ஆறியும் விடுகிறது. சாக்பீஸையே அதிகம் நம்பலாம்.

இரண்டு ஓட்டுநர்கள் ஒரே காரைப் பங்கிட்டால் டயர் ஆற நேரமே கிடைக்காது. காற்று 3, 4 பிஎஸ்ஐ ஏறிவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் இறக்கி அதே எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும், தண்ணீர் தெளித்து ஆற்றவும் வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது ஓட்டத்தில் மாறியது கார்தான் என்று நினைத்து வேறெதையாவது திருப்பிவைப்பீர்கள்.

நான்கு சக்கர இயக்கத்துக்கே உரிய ஒரு கட்டுப்பாடு: நான்கு டயரின் சுற்றளவும் ஒன்றாக இருக்கவேண்டும். சுபாரு அனுமதிக்கும் வேறுபாடு கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ. ஆட்டோகிராஸில் முன் டயர் சீக்கிரம் தேயும். பின்னால் புது ஜோடி, முன்னால் தேய்ந்த ஜோடி என்று ஓடினால் நேராகப் போகும்போதுகூட சென்டர் டிஃப் ஓய்வில்லாமல் உரசிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று போட்டிக்கு ஒருமுறை முன்பின் மாற்றிவிடுங்கள்.

அலைன்மென்ட்

இந்தக் காருக்கு அதிகச் செலவில்லாமல் கிடைக்கும் பெரிய லாபம் இதில்தான். ஆரம்பிக்க ஓர் அமைப்பு: முன் கேம்பர் மைனஸ் 3 பாகை, முன் டோ மொத்தம் 3 மி.மீ. வெளியே, பின் கேம்பர் மைனஸ் 1.5 முதல் 2 வரை, பின் டோ பூஜ்யம்.

மைனஸ் 3 எதற்கு? முன்னும் பின்னும் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட். 1 ஜி திருப்பத்தில், அதாவது பக்கவாட்டு விசை காரின் எடைக்குச் சமமாகும்போது, ஸ்டாக் ஸ்பிரிங்கோடு கார் சுமார் 3 பாகை சாயும். சாயும்போது வெளிச் சக்கரம் மேலே ஏறினால், ஸ்ட்ரட் அமைப்பில் அதற்குக் கிடைக்கும் கூடுதல் நெகட்டிவ் கேம்பர் மிகச் சொற்பம். மைனஸ் 1-இல் நிற்கும் சக்கரம் திருப்பத்தின் நடுவே ப்ளஸ்ஸுக்குப் போய்விடும். சாக்பீஸ் கோடு பக்கச்சுவர் வரை அழிவது இதனால்தான்.

முன் ஸ்ட்ரட்டை, சக்கர ஹப்பைத் தாங்கும் நக்கிளோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டில் மேலே இருப்பது மையம் விலகிய எக்சென்ட்ரிக். கீழ் போல்ட்டையும் தளர்த்தி, எக்சென்ட்ரிக்கை நெகட்டிவ் பக்கம் முழுசாகத் திருப்பி, ஒருவர் டயரின் மேற்புறத்தைக் காருக்குள் தள்ளிப் பிடித்தபடியே இரண்டையும் இறுக்க வேண்டும். கீழ்த் துளையில் இருக்கும் சின்ன இடைவெளியும் அப்போது நம் பக்கம் சேர்ந்துவிடும், ஒரு கால் பாகை இலவசம். இவ்வளவு செய்தாலும் மைனஸ் 2 தாண்டுவது கஷ்டம். அதற்கு மேல் போக, ஸ்ட்ரட்டின் மேல்முனையை உள்ளே நகர்த்தவிடும் கேம்பர் பிளேட் வேண்டும். உங்கள் போட்டிப் பிரிவு (கிளாஸ்) அதை அனுமதிக்கிறதா என்று அந்த வருட விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மாற்றங்களை மிகக் குறைவாக அனுமதிக்கும் ஸ்ட்ரீட் கிளாஸ்களில் அதற்கு இடமில்லை. பின்னால் கேம்பருக்கு கம்பெனி ஏற்பாடு எதுவும் கிடையாது. லேட்டரல் லிங்க்கின் எக்சென்ட்ரிக் டோவுக்கு மட்டும்.

இறுக்கி முடித்ததும் போல்ட் தலையிலிருந்து ஸ்ட்ரட் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. ஒட்டும் டயரோடு ஓடும்போது இந்தப் போல்ட் நழுவுவது சகஜம். கோடு உடைந்திருந்தால் குனிந்து பார்த்த மாத்திரத்தில் தெரியும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைப்பதத்தில் இறுக்குகிற இடம் இது இல்லை; சர்வீஸ் கையேட்டின் எண்ணுக்கே இறுக்குங்கள்.

கேம்பரை மாற்றினால் டோவும் மாறும். எனவே வரிசை: உயரம், காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு), கேம்பர், கடைசியில் டோ. ஓட்டுநர் எடைக்கு மணல் மூட்டையோ ஆளோ சீட்டில் இருக்கவேண்டும். டோவுக்கு மெஷின் தேவையில்லை. காருக்கு முன்னும் பின்னும் ஸ்டாண்டில் ஒரே நீளமுள்ள இரண்டு குழாயைக் கிடத்தி, இரண்டிலும் ஒரே இடைவெளியில் வெட்டுத் தடம் போட்டு, அவற்றில் மீன்பிடி நரம்பைப் பக்கத்துக்கு ஒன்றாக இழுத்துக் கட்டினால் இரண்டு நரம்பும் இணையாக நிற்கும். முன் ஹப் இரண்டும் நரம்பிலிருந்து ஒரே தூரம், பின் ஹப் இரண்டும் ஒரே தூரம் என்று வரும்வரை குழாய்களை நகர்த்துங்கள். முன் தூரமும் பின் தூரமும் தங்களுக்குள் வேறுபடும், முன் சக்கரங்களின் இடைவெளியும் பின் சக்கரங்களின் இடைவெளியும் ஒன்றல்ல, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பிறகு ஒவ்வொரு ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் ஸ்டீல் ஸ்கேலால் அளக்கலாம். முன் சக்கரம் ஒவ்வொன்றும் 1.5 மி.மீ. வெளியே காட்டினால் மொத்தம் 3.

முன் டோ வெளியே இருந்தால் திருப்பும் முதல் கணத்திலேயே மூக்கு கடிக்கும். நெடுஞ்சாலையில் கார் அலையும், டயரின் உள்ளோரம் தேயும். தினமும் ஓட்டுகிற கார் என்றால் பூஜ்யத்தில் நிறுத்துங்கள். பின் டோவை வெளியே வைத்து வாலைத் திருப்ப ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ஸ்லாலமில் அது நடக்கும். வேகமான ஸ்வீப்பரில் (நீண்ட, அகலமான திருப்பத்தில்) பிரேக்கைத் தொட்டால் அதே டோ காரைச் சுழற்றிவிடும். 1.5 மி.மீ. உள்ளே இருப்பது புதியவருக்கு நல்லது.

உயரம், ஸ்பிரிங், பார்

அழகுக்காகக் காரைத் தரையோடு தரையாக இறக்கிவிட்டு மூக்கு தள்ளுகிறது என்று புலம்புகிறவர்களை எல்லாப் போட்டியிலும் பார்க்கலாம். இறக்கும்போது லோயர் ஆர்ம் வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்கிறது. கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், காரின் ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் கூடுவதால் இறக்கிய கார் முன்பைவிட அதிகம் சாய முயலும். கூடவே கேம்பர் வளர்ச்சியும் போய்விடும். ஆர்ம் தரைக்கு இணையாக இருக்கும் உயரத்துக்குக் கீழே போகாதீர்கள். ஸ்டாக்கிலிருந்து 20, 25 மி.மீ. இறக்குவதே நீளமான பால் ஜாயின்ட் போடாமல் தாங்கும் எல்லை.

ஸ்பிரிங் எண்ணைக் கூட்டாளியிடம் கேட்பதைவிடக் கணக்குப் போடலாம். ஓட்டுநரோடு கார் 1,565 கிலோ, முன்னால் 58 சதவீதம் என்றால் முன் மூலை ஒன்றுக்கு 454 கிலோ. சக்கரம், ஹப், பிரேக் எல்லாம் 45 கிலோ என்று கழித்தால் ஸ்பிரிங் தாங்குவது சுமார் 409. 8 கிலோ/மி.மீ. ஸ்பிரிங், மோஷன் ரேஷியோ (சக்கரம் நகரும் தூரத்தில் ஸ்பிரிங் நகரும் பங்கு) 0.95 என்று வைத்தால் சக்கரத்தில் கிடைக்கும் விறைப்பு மில்லிமீட்டருக்கு 71 நியூட்டன்; அதிர்வெண் 2.1 ஹெர்ட்ஸ். பின்னால் ஒரு மூலைக்கு ஸ்பிரிங் தாங்கும் எடை 288 கிலோ. 6 கிலோ ஸ்பிரிங் போட்டால் 2.16 ஹெர்ட்ஸ், 7 போட்டால் 2.3. பின்பக்க அதிர்வெண் முன்னதைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும் இந்த ஜோடிகள் தாருக்கும் கான்கிரீட்டுக்கும் பொருந்தும். சில விற்பனையாளர்கள் முன்னால் 10, பின்னால் 6 என்று கிட்டோடு தருகிறார்கள். அதைப் போட்டு ஓட்டினால் மூக்கு தள்ளுவதில் வியப்பில்லை. மேடு பள்ளமான லாட்டில் 2.4-க்கு மேல் போனால் டயர் தரையை விட்டு எம்பும்.

பார் விஷயத்தில் இந்தக் கார் பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போகாது. அண்டர்ஸ்டியர் இருந்தால் முன் பாரை மெலிதாக்கு, பின் பாரைத் தடியாக்கு என்பது பொதுவிதி. ஸ்ட்ரட் காரில், அதுவும் கேம்பர் பிளேட்டும் ஸ்பிரிங்கும் அனுமதிக்காத ஸ்ட்ரீட் கிளாஸில், முன் பாரைத் தடியாக்கினால் கார் சாய்வது குறைந்து வெளிச் சக்கரத்தின் கேம்பர் காப்பாற்றப்படுகிறது. எடை மாற்றத்தால் போகும் பிடிப்பைவிட கேம்பரால் வரும் பிடிப்பு அதிகம். பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 மி.மீ.-இலிருந்து 22-க்குப் போனால் 46 சதவீதம், 24-க்குப் போனால் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். கேம்பர் ஏற்கெனவே மைனஸ் 3 இருக்கும் காருக்கு இந்தத் தந்திரம் செல்லாது; அங்கே பொதுவிதியே சரி.

முன் பாரைத் தடியாக்கியதற்கு ஒரு விலை உண்டு: வெளியேறும்போது முன் உள் சக்கரம் லேசாகி, சும்மா சுழலும். அங்கிருந்துதான் டிஃப் கதை தொடங்குகிறது. பின் பாரை 22-க்கு மேல் தடியாக்குகிறவர்கள் அதைப் பிடிக்கும் பிராக்கெட்டையும் மாற்றவேண்டும். இந்தத் தலைமுறையின் மெல்லிய தகட்டுப் பிராக்கெட் வளையும், சில சமயம் உடையும். பாரின் முனையைப் பிணைக்கும் எண்ட் லிங்க்கை ஓட்டுநர் சீட்டில் இருக்கும்போது, கார் தரையில் நிற்கும்போது மாட்டுங்கள். போல்ட் கையால் தள்ளினாலே நுழையவேண்டும். நெம்பி நுழைத்தால் பார் ஏற்கெனவே முறுக்கில் இருக்கிறது, இடமும் வலமும் இரண்டு வேறு கார்கள் போல நடந்துகொள்ளும்.

ஷாக் அப்சார்பர்

மேலே சொன்ன முன் ஸ்பிரிங்குக்குக் கிரிட்டிகல் டேம்பிங் (ஊசலாடாமல் நிற்கத் தேவையான தணிப்பு) சக்கரத்தில் சுமார் 10,800 நியூட்டன்-விநாடி/மீட்டர். மெதுவான அசைவில் அதில் 65 சதவீதம் கிடைத்தால் போதும். ஷாக்கின் விசையை மெஷினில் அளந்த டைனோ தாள் கேட்டு வாங்கினால் பாருங்கள்: விநாடிக்கு 50 மி.மீ. வேகத்தில் கம்ப்ரஷனும் (ஷாக் அமுங்குவது) ரீபவுண்டும் (விரிவது) சராசரியாக 390 நியூட்டன் அருகே இருக்கவேண்டும். மலிவான கிட்டுகளில் 'விறைப்பு 32 கிளிக்' என்று இருக்கும். அதில் பாதி கிளிக் எதையும் மாற்றாது, மீதி கம்ப்ரஷனையும் ரீபவுண்டையும் சேர்த்தே மாற்றும்.

இரண்டிரண்டு கிளிக்காக மாற்றுங்கள். பின் ரீபவுண்டைக் கூட்டினால் பிரேக்கில் வால் தூக்குவது தாமதமாகும், திருப்பி எடுக்கும் ஸ்லாலமில் கார் சுறுசுறுப்பாகும். கூடிப்போனால் மேடுகளில் பின் டயர் தரையைத் தொடாமல் தாவும். முன் ரீபவுண்டைக் கூட்டினால் காலை அழுத்தும்போது மூக்கு தூக்குவது குறையும், வெளியேறும்போது முன் டயருக்கு எடை கொஞ்சம் அதிக நேரம் நிற்கும். ஆனால் ஒன்று: ஷாக் எடை மாற்றத்தின் வேகத்தைத்தான் மாற்றும், அளவை மாற்றாது. நீண்ட ஸ்வீப்பரின் நடுவில் தள்ளும் காரை கிளிக்கால் திருத்த முடியாது.

தலைகீழ் ஸ்ட்ரட் போட்டவர்கள், ஸ்டாக் எஸ்டிஐ ஸ்ட்ரட்டும் அதுதான், 'டொக் டொக்' சத்தம் கேட்டால் உள்ளே புஷ்ஷுக்குக் கிரீஸ் வற்றியிருக்கலாம். கழற்றித் துடைத்துப் புதுக் கிரீஸ் வைத்தால் போய்விடும்.

மூன்று டிஃப்

ஆண்டைப் பார்த்து என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க எஸ்டிஐ-யில் முன் டிஃப் 2004-இல் ஷ்யூர்ட்ராக், 2005 முதல் சுருள்பல் கியர்களால் வேலை செய்யும் ஹெலிக்கல். பின்னால் ஆர்180 டிஃப், 2004 முதல் 2006 வரை கிளட்ச் பிளேட் வகை, 2007-இல் கியர் வகையான டார்சன். நடுவில் டிசிசிடி: சக்திப் பங்கீடு 2004, 2005-இல் முன் 35, பின் 65 சதவீதம், 2006 முதல் 41-59, அதோடு மின்காந்த கிளட்சுக்குத் துணையாக, அச்சுகளின் வேக வேறுபாட்டைக் கட்டுப்படுத்தும் இயந்திர லிமிட்டெட் ஸ்லிப்பும் சேர்ந்தது.

முன் ஹெலிக்கலின் கணக்கு பெருக்கல் கணக்கு. பிடிப்புக் குறைந்த சக்கரம் தாங்குவதைப்போலக் குறிப்பிட்ட மடங்கு அளவை மறுபக்கம் அனுப்பும். அந்த மடங்கு 2.5 என்று வைப்போம்: உள் சக்கரம் 200 நியூட்டன்-மீட்டர் தாங்கினால் வெளிச் சக்கரத்துக்கு 500. உள் சக்கரம் அந்தரத்தில் இருந்தால் பூஜ்யத்தை 2.5-ஆல் பெருக்கியும் பூஜ்யம். முன் பாரைத் தடியாக்கியவர்கள் வெளியேறும்போது இஞ்சின் ஊளையிடுவதையும் கார் நகராததையும் பார்ப்பது இதனால். பாரில் ஒரு படி இறங்குவது முதல் வழி. இடது காலால் பிரேக்கை மெல்லத் தொடுவது இரண்டாவது வழி. பிரேக் உரசல் உள் சக்கரத்துக்கு ஒரு பொய்ச் சுமையைக் கொடுக்க, டிஃப் அதைப் பெருக்கி வெளியே அனுப்பும்.

முன்னால் கிளட்ச் வகை போடலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். கியர்பாக்ஸைக் கீழே இறக்கிச் செய்யும் வேலை, செலவும் அதிகம். இந்தக் கணக்கையும் பாருங்கள்: 9 மீட்டர் ஆரமுள்ள இறுக்கமான திருப்பத்தில், இடது வலது சக்கரங்களின் இடைவெளி 1.5 மீட்டர் என்றால், வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட 18 சதவீதம் அதிக தூரம் ஓடவேண்டும். முன் டிஃப்பில் ப்ரீலோட் (சக்தி வருவதற்கு முன்பே இருக்கும் இறுக்கம்) பலமாக இருந்தால் அந்த வேறுபாட்டை மறித்து, காரை நேராகத் தள்ளும். சுமையை இறக்க வந்த நாம் முன் டயரிடமே இன்னொரு வேலையைக் கொடுத்ததாகிவிடும். ஆட்டோகிராஸுக்கு ஹெலிக்கலே சரி.

பின் கிளட்ச் டிஃப் தேயும் சாமான். சோதனை எளிது: முன் சக்கரங்களுக்குக் கட்டை, கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விடுவிப்பு, இக்னிஷன் ஆஃப், பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, ஹப்பைத் திருப்புவதற்கு எவ்வளவு டார்க் தேவை என்று முள் வைத்த டார்க் ரெஞ்சால் பாருங்கள். சொடுக்கும் வகை இதற்கு உதவாது. முதலில் அசையும்போதுள்ள எண்ணைவிட நிதானமாகச் சுழலும்போது காட்டும் எண் முக்கியம். கையேட்டு எண்ணோடு ஒப்பிட்டு, பருவத்துக்கு ஒருமுறை குறித்துவைத்தால் சரிவது தெரியும். கையாலேயே சுற்ற முடிந்தால் பிளேட் தீர்ந்தது.

திறந்து கட்டும்போது பிளேட் அடுக்கும் முறையே ஓர் அட்ஜஸ்ட்மென்ட். உள்பல் பிளேட்டும் வெளிப்பல் பிளேட்டும் ஒன்றுவிட்டு ஒன்று அடுக்கினால் உரசும் முகங்கள் அதிகம், பூட்டும் அதிகம். ஒரே வகைப் பிளேட் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு ஜோடி உரசாது, பூட்டு குறையும். பிளேட்டுகளை அழுத்தும் சரிவின் கோணமான ராம்ப் கோணத்தில் பொதுவாகச் சிறிய எண் அதிகப் பூட்டு, 90-ஐ நெருங்கினால் பூட்டே இல்லை. தயாரிப்பாளர்கள் கோணத்தை அளக்கும் விதம் மாறும் என்பதால் தாளைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஆட்டோகிராஸுக்குப் பின்னால் 1.5-வே (காலை அழுத்தும்போது நன்றாகவும் எடுக்கும்போது குறைவாகவும் பூட்டுவது) போதும். 2-வே போட்டால் காலை எடுத்த பிறகும் பின் அச்சு பூட்டியே இருக்கும், நுழைவில் மூக்கு தள்ளும்.

எண்ணெய்: பின் ஆர்180-க்கு 1 லிட்டர். கியர்பாக்ஸுக்கும் முன் டிஃப்புக்கும் பொதுவாக 4.1 லிட்டர் 75டபிள்யூ-90 ஜிஎல்-5. முன் டிஃப் கியர்பாக்ஸ் எண்ணெயையே குடிக்கிறது, எனவே பின் கிளட்ச் டிஃப்புக்கான உராய்வு குறைக்கும் கலவையை முன்னால் ஊற்றாதீர்கள், கியர் மாற்ற உதவும் சிங்க்ரோ கெடும். பின் டிஃப்பில் வடிகால் பிளக்கைத் தொடுவதற்கு முன் நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். அது துருப்பிடித்து இறுகியிருந்தால், எண்ணெயை வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்க வேண்டிவரும்.

இப்போது அந்த உருளை. சென்டரைப் பூட்டினால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும். வீல்பேஸ் 2.54 மீட்டர். பின் அச்சு 9 மீட்டர் ஆரத்தில் வளைந்தால் முன் அச்சின் ஆரம் 9.35, கிட்டத்தட்ட 4 சதவீதம் கூடுதலாக ஓடவேண்டும். பூட்டிய சென்டர் அதை விடாது. முன் டயர் பிரேக் பிடித்ததுபோல் இழுபட்டுத் தன் பிடிப்பில் ஒரு பங்கை அதிலேயே செலவழிக்கும். 20 மீட்டர் ஆரத்தில் இந்த வேறுபாடு 1 சதவீதத்துக்கும் கீழே. ஆக, இறுக்கமான யூ-டர்ன்கள் நிறைந்த பாதைக்குத் திறந்தும், ஸ்வீப்பரும் ஸ்லாலமும் நிறைந்த பாதைக்குக் கொஞ்சம் பூட்டியும் வைக்கலாம். பாதையை நடந்து பார்க்கும்போதே இதை முடிவு செய்துவிடலாம்.

முழுதும் திறந்து வைத்தால் நுழைவு இனிக்கும், ஆனால் முன் உள் சக்கரம் சுழன்றால் சக்தி மொத்தமும் அந்த வழியே வடியும். உலர்ந்த தரையில், டிசிசிடியை மேனுவல் முறையில் வைத்து, திறந்த முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் தொடங்குங்கள். வெளியேறும்போது முன் சக்கரம் சுழன்றால் ஒரு கட்டம் கூட்டுங்கள், நுழைவில் தள்ளினால் ஒரு கட்டம் குறையுங்கள். இரண்டும் ஒரே ஓட்டத்தில் நடந்தால் தவறு சஸ்பென்ஷனில் இருக்கிறது, உருளையை விட்டுவிட்டு மேலே போய்ப் படியுங்கள். டிசிசிடியின் ஆட்டோ முறை சாலைக்கு நல்லது. பிரேக்கில் விடுவதும் ஆக்சிலரேட்டரில் பிடிப்பதுமாக அது மாறிக்கொண்டே இருப்பதால், நொடிக்கு ஒரு திசை மாறும் ஸ்லாலமில் அடுத்த கணம் கார் என்ன செய்யும் என்று ஊகிக்க முடியாது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் சென்டர் தானே திறந்துகொள்ளும், பாதி இழுபட்ட ஹேண்ட்பிரேக்கோடு ஓடினால் உருளை எங்கிருந்தாலும் பயனில்லை. கிரிட்டில் மெதுவாக வளைத்து நிறுத்தும்போது திறந்துவிடுங்கள். பூட்டியபடி வளைத்தால் டயர் கீச்சிடுவதும் அச்சு முறுகுவதும் வெளியே நிற்பவருக்கே கேட்கும்.

சோதிக்கும் விதம்

போட்டி நாளில் கிடைப்பது நான்கோ ஐந்தோ ஓட்டம், ஓட்டத்துக்கு ஓட்டம் ஓட்டுநர் ஓட்டும் விதமும் மாறுகிறது. அங்கே காற்று, கிளிக், உருளை தவிர வேறெதையும் தொடவேண்டாம். மற்றதுக்குப் பயிற்சி நாளில் ஒரு வட்டம் போடுங்கள். காரின் நடுக்கோடு 16 மீட்டர் ஆரத்தில் போகுமாறு கோன் வைத்து, சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று எடுங்கள். 8.0 விநாடி என்றால் 1.0 ஜி, 7.9 என்றால் 1.03. பத்தில் ஒரு விநாடி இரண்டரை சதவீதப் பிடிப்பைக் காட்டுவதால் கை ஸ்டாப்வாட்ச்சே நடுப்பகுதியின் நிலையைச் சொல்லிவிடும். இடம் வலம் இரண்டு பக்கமும் சுற்றுங்கள். ஒரு மாற்றம் செய்து, அளந்து, பழையபடி வைத்து மறுபடி அளந்து பாருங்கள். பழைய எண் திரும்பி வரவில்லையென்றால் மாறியது டயர் சூடு. நீங்கள் செய்த மாற்றத்தின் பலன் என்று அதை எழுதிவைக்காதீர்கள்.

இப்படி நெடுநேரம் வட்டமடிக்கும்போது பெட்ரோலைக் கால் டாங்கிக்குக் கீழே விடாதீர்கள். எடை குறையும் என்று காலியாக ஓட்டுகிறவர்கள் உண்டு. எரிபொருள் ஒருபக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுத்தால், டர்போ காற்றை அழுத்தும் பூஸ்ட் நேரத்தில் கலவை மெலிந்து, இந்த 2.5 லிட்டர் இஞ்சினின் பிஸ்டன் ரிங் இடைச்சுவர் உடையும். அது ஏற்கெனவே பலவீனமான இடம்.

மழை வந்தால் முன் பாரை ஒரு துளை இளக்குங்கள், ஷாக்கில் நான்கைந்து கிளிக் இறக்குங்கள், டோவை அப்படியே விடுங்கள், சென்டரைப் பாதிக்குமேல் பூட்டுங்கள். ஈரத்தில் முன் டயர் எப்படியும் குறைந்த விசையைத்தான் தாங்கும். பூட்டிய சென்டர் முன்னால் சக்தி வீணாகாமல் பின்னால் அனுப்பும். காற்றைக் குறைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தண்ணீர் தேங்கிய லாட்டில் அதற்கு நேர்மாறாக 2 பிஎஸ்ஐ கூட்டினால் ட்ரெட்டின் பள்ளங்கள் விரிந்து தண்ணீரை நன்றாக வெளியே தள்ளும்.